பாடகர் இல்லாத பிராட்வே

ஒரு இசை நாடகத்திலிருந்து முதலில் பாடகர்களை எடுத்துவிடுங்கள். பிறகு வசனம், மேடை, திரைச்சீலை, இருட்டு, வயலின், புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். இரண்டரை மணி நேரக் கதையைப் பதினொரு நிமிடமாகச் சுருக்குங்கள். மிஞ்சியதை ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவில் வைத்து, இருபது வயதையொட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கொடுத்து, "ஓடிக்கொண்டே வாசியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

கேட்கும்போது விபரீத யோசனையாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் டிரம் கோர் எனப்படும் அணிவகுப்பு இசைக் குழுக்களின் ரசிகர்கள் நாற்பது, ஐம்பது வருடமாக மறக்காமல் பேசிக்கொண்டிருக்கும் தருணங்களில் நிறைய இப்படித்தான் பிறந்தன. அவர்கள் ஏன் அந்தச் சில நொடிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது, இந்தக் கலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற விஷயம்தான். கொஞ்சம் அடிப்படை மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இருக்கும் இரண்டு எழுத்துகளுக்கு ஒலி கிடையாது. டிரம் கோர் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களின் சங்கங்கள், பட்டாளத்து ஊதுகொம்பையும் முரசையும் வைத்து அணிவகுப்புக் குழுக்கள் நடத்தின. பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்காகவும் குழுக்கள் தொடங்கினார்கள். அந்த வழியில் வளர்ந்தவைதான் இன்றைய டிரம் கோர்கள். 1971இல் முன்னணிக் குழுக்கள் சேர்ந்து டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கின. முதல் சாம்பியன்ஷிப் 1972இல், விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் என்ற ஊரில் நடந்தது. 2009 முதல் இறுதிப் போட்டி இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் அரங்கில் நடக்கிறது.

பட்டாளத்து வம்சம் என்பதால் ஊதுவதற்குப் பித்தளை வாத்தியங்கள் மட்டுமே. டிரம்பெட், மெல்லோஃபோன், பாரிட்டோன், யூஃபோனியம், டியூபா. கிளாரினெட், சாக்ஸஃபோன், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. கல்லூரி மார்ச்சிங் பேண்டுக்கும் இதற்கும் கண்ணுக்கு உடனே தெரிகிற வித்தியாசம் அதுதான். நடந்துகொண்டே அடிக்கும் முரசுக்காரர்கள் ஒரு பக்கம், மைதானத்தின் முன்விளிம்பில் நின்ற இடத்திலேயே சைலஃபோன், மரிம்பா போன்றவற்றை வாசிக்கும் 'பிட்' குழு இன்னொரு பக்கம். அப்புறம் கலர் கார்டு. கொடி, மரத்துப்பாக்கி, வாள் இவற்றைச் சுழற்றி வீசிப் பிடித்து, ஆடி நடிப்பவர்கள். கதை பெரும்பாலும் இவர்கள் தோளில்தான் போகும்.

கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் பயணம், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுக்கை, பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை. ஒரே ஒரு நிகழ்ச்சி. அதைத்தான் அந்தக் கோடை முழுக்க மெருகேற்றுவார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகள்தான் ஆயிரக்கணக்கான டாலர் கட்டிச் சேர்கிறார்கள். மதிப்பெண் நூற்றுக்கு. அதில் 40 'ஜெனரல் எஃபெக்ட்' என்ற தலைப்புக்குப் போகிறது. மொத்தத்தில் பார்ப்பவரை எவ்வளவு தூக்கியடித்தது என்பதற்கான மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 60இல் இசைக்குப் பாதி, காட்சிக்குப் பாதி.

சரி, இதில் இசை நாடகம் எங்கே வந்தது?

ஒரு கோர் நிகழ்ச்சிக்கு என்று ஒரு பழகிய வடிவம் உண்டு. அதிரடியான தொடக்கம், நடுவில் 'பாலட்' என்று சொல்லப்படும் மெதுவான உருக்கமான பாட்டு, முரசுக்காரர்கள் தங்கள் கைவரிசையைக் காட்ட ஓர் இடம், கடைசியில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும் முடிவு. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் இசை நாடகம் ஏறக்குறைய இதே எலும்புக்கூட்டில்தான் நிற்கிறது. அதோடு, ஒரு கதாபாத்திரத்துக்கென்று ஒரு மெட்டு இருக்கும்; அது பிறகு வேறு சூழலில், வேறு நிறத்தில் திரும்பி வரும். வார்த்தை இல்லாமல் கதை சொல்ல நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. காதல் பாட்டின் மெட்டை முரசு மிரட்டலுக்கு நடுவில் ஒற்றை டிரம்பெட்டில் வாசித்தால் போதும், யாருக்கு என்ன நடக்கிறது என்று அரங்கத்துக்குப் புரிந்துவிடும். வரிகளைப் பார்வையாளர்கள் மனதுக்குள் தாங்களே பாடிக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. வெறுமனே நல்ல மெட்டு வாசித்தால் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். மேடையில் பாட்டும் வசனமும் செய்த வேலையை, மைதானம் தனக்கே உரிய வழியில், உடம்புகளையும் சத்தத்தையும் வைத்துச் செய்துகாட்டும் நொடியைத்தான் ரசிகர்கள் வருடக்கணக்கில் தூக்கிச் சுமக்கிறார்கள்.

இதற்கு எல்லோரும் முதலில் எடுத்துக் காட்டுவது கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா வேன்கார்டு குழுவையும், அவர்களுடைய 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபெரா' நிகழ்ச்சியையும்தான். கெய்ல் ராயர் என்ற இசை ஆசிரியர் முன்னின்று 1967இல் உருவாக்கிய குழு. 1987இல் மயிரிழையில் இரண்டாமிடம். 1988இல் புதுச் சரக்கோடு வந்தார்கள். எவ்வளவு புதுசு என்றால், முகமூடியோடு ஒளிந்து வாழும் ஒருவனைப் பற்றி ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்த அந்த நாடகம் லண்டனில் 1986 அக்டோபரில்தான் மேடையேறியது; பிராட்வேக்கு வந்ததோ அதே 1988 ஜனவரியில். நியூயார்க் போய் டிக்கெட் வாங்க வழியில்லாத ஊர்களில், அந்தக் கோடையில் பலர் ஃபாண்டம் இசையை முதன்முதலாக நேரில் கேட்டது ஒரு பள்ளி மைதானத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துதான் இருக்கும்.

அந்த வருடமும் இரண்டாமிடம்தான். 'மலகேன்யா' என்ற இசையை வாசித்த மேடிசன் ஸ்கவுட்ஸ் என்ற குழு கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. வழக்கமாக எந்தக் குழுவும் போன வருட நிகழ்ச்சியைத் தொடாது. வேன்கார்டு மட்டும் விடாப்பிடியாக 1989இலும் ஃபாண்டமையே எடுத்துக்கொண்டு வந்தது. கன்சாஸ் சிட்டியின் ஏரோஹெட் அரங்கில் 98.80 மதிப்பெண்ணோடு வென்றது. தோற்ற பாடத்தையே மறுபடி எழுதி முதலிடம் வாங்கிய கதை என்பதால் ரசிகர்களுக்கு அதன்மேல் ஒரு தனி வாஞ்சை.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசியாக வேண்டும். ஃபாண்டமின் புகழ்பெற்ற அந்த ஆர்கன் மெட்டு நினைவிருக்கிறதா? அரைச்சுரம் அரைச்சுரமாகப் படியிறங்கி, மறுபடி ஏறும் இசை. அப்போது டிரம் கோர்களில் வாசித்தவை சாதாரண டிரம்பெட்டுகள் அல்ல. ஜி சுருதியில் அமைந்த பியூகிள்கள், அதாவது அந்தப் பட்டாளத்து ஊதுகொம்பின் வாரிசுகள். சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வு டிரம்பெட்டுக்கு மூன்று. அந்தப் பியூகிளுக்கு இரண்டுதான். மூன்றாவது வால்வுக்கு அனுமதி கிடைத்தது 1990இல், அதாவது இந்த வெற்றிக்கு அடுத்த வருடம். இரண்டு வால்வில் ஒரு சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரம்தான் கீழே இறங்க முடியும். மேல்ஸ்தாயியில் சமாளித்துவிடலாம், கீழ்ஸ்தாயியில் நடுநடுவே சில சுரங்கள் அந்த வாத்தியத்தில் இல்லவே இல்லை. அரைச்சுரம் விடாமல் இறங்கும் ஒரு மெட்டை இப்படிப்பட்ட கருவிக்காக எழுதுவது, நடுவில் சில படிகள் இல்லாத ஏணியில் ஆளை இறக்குவது மாதிரி. இசையை அமைப்பவர் எங்கே எந்தக் குரலில் என்ன சுரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, மெட்டை வாத்தியங்களுக்கிடையில் பிரித்துக் கொடுக்க வேண்டும். கேட்பவருக்கு அது ஒரே மூச்சில் வந்தது போலத் தெரிய வேண்டும். பதிவில் கேட்கும்போது இந்த விவரம் மனதில் இருந்தால் அந்தச் சில நொடிகள் வேறு மாதிரி கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. அப்போது மைக்குக்கு அனுமதி கிடையாது. ஒலிபெருக்கி 2004இல்தான் வந்தது. சிந்தசைசர் போன்ற மின்னணு இசை 2009இல். எனவே ஃபாண்டமின் ஆர்கனும் நாயகி கிறிஸ்டீனின் குரலும் முகமூடி நடன இரைச்சலும் எல்லாமே மனித மூச்சிலிருந்தும் குச்சியிலிருந்தும்தான் வர வேண்டும். மேடையில் இருட்டு பாதி வேலையைச் செய்துவிடும். முகமூடிக்காரன் நிழலிலிருந்து வருவான், சரவிளக்கு விழும், கடைசியில் நாற்காலியில் முகமூடி மட்டும் கிடக்கும். மைதானத்தில் நிழல் ஏது? பார்வையாளர்கள் உயரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத ஒரு திடலில், ஒளிந்து வாழும் மனிதனின் கதை. அந்த முரண்பாட்டோடு மல்லுக்கட்டியதால்தான் அது வெறும் பாட்டுத் தொகுப்பாக இல்லாமல் நாடகமாக நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது. பிராட்வேயில் மூல நாடகம் 13,981 காட்சிகள் ஓடி 2023 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. வேன்கார்டின் பதினொரு நிமிடங்கள் அந்த இரண்டு கோடைகளோடு முடிந்தன. இருந்தும் ரசிகர்கள் விட்டபாடில்லை.

அதே குழு இரண்டு வருடம் கழித்து மறுபடியும் சுடச்சுட ஒன்றை எடுத்தது. 'மிஸ் சைகான்' பிராட்வேக்கு வந்தது 1991 ஏப்ரலில். வேன்கார்டு அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தது அதே கோடையில். அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் ஊரெல்லாம் பேசியது மேடையில் வந்திறங்கும் ஹெலிகாப்டரைப் பற்றி. சைகான் வீழ்ந்த நாளில் அமெரிக்கர்கள் தப்பிப் போகும் காட்சி. கால்பந்து மைதானத்தில் அதை என்ன செய்வது? மனிதர்களையே ஹெலிகாப்டராக நிறுத்தினார்கள், சுழலும் இறக்கைகளோடு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றினால் ஒரு சின்னக் கணக்கு. டிரம் கோரில் வழக்கமான நடை, எட்டு அடிவைப்பில் ஐந்து யார்டு. இப்போது பத்து யார்டு நீளத்துக்கு ஒரு வரிசை இறக்கை போலச் சுழல வேண்டும் என்று வையுங்கள். ஒரு முனையில், சுழற்சியின் மையத்தில் நிற்பவர் இருந்த இடத்திலேயே திரும்பினால் போதும். மறுமுனையில் இருப்பவரோ ஒரு முழுச் சுற்றுக்கு 60 யார்டுக்கு மேல் போயாக வேண்டும். இடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அடிவைப்பின் நீளம் வேறு வேறு. ஒருவர் அரையடி பிசகினாலும் இறக்கை வளைந்துவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். ஊதும் வாத்தியம் உதட்டில் குலுங்கவும் கூடாது. இடுப்புக்குக் கீழே ஓட்டம், இடுப்புக்கு மேலே சிலை. இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: எதிரே ஒரு ஹெலிகாப்டர்.

சாண்டா கிளாராக்காரர்களுக்கும் இசை நாடகத்துக்கும் இருக்கும் பந்தம் இதற்கெல்லாம் முந்தையது. 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்', பழைய ரஷ்யாவில் ஒரு யூதக் கிராமத்துப் பால்காரரின் கதை. பிராட்வேயில் 1964இல் வந்தது. அதில் கல்யாண வீட்டில் தொப்பிமேல் பாட்டிலை நிறுத்திக்கொண்டு, முழங்கால் மடக்கி ஆடும் ஒரு நடனம் உண்டு. ஜெரோம் ராபின்ஸ் அமைத்தது. நம் கரகாட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் பதற்றம் உடனே பிடிபடும்: மேலே இருப்பது விழுமா, விழாதா? 1970களின் முற்பகுதியில் வேன்கார்டின் கலர் கார்டு அந்தப் பாட்டில் நடனத்தைப் புல்தரைக்குக் கொண்டுவந்தது. கூட்டம் சொக்கிப்போனது. குழு 1973, 1974 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டங்களை வென்ற காலம் அது. 1992இல் தங்கள் 25ஆம் ஆண்டையொட்டி மறுபடி ஃபிட்லரை எடுத்தபோது பாட்டில்களும் திரும்பி வந்தன. இன்றைக்கும் அந்த மெட்டு ஆரம்பித்தாலே பழைய ரசிகர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இந்தப் பட்டியலில் எளிமையானது இதுதான். அன்பில் முதலிடமும் இதற்குத்தான் என்பேன்.

வேன்கார்டைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் கிழக்குக் கரை ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டு கேடட்ஸ் 1984இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' வாசித்து 98.00 மதிப்பெண்ணோடு பட்டம் வென்றது. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்து 1957இல் வந்த நாடகம். நியூயார்க் தெருவில் இரண்டு கும்பல்களின் பகை. அடிதடியே நடனமாக நடக்கும். இந்தக் கதை மைதானத்துக்கென்றே எழுதியது போல இருக்கிறது, ஏனென்றால் மைதானத்தில் ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து நேருக்கு நேர் ஓடவிட்டாலே கதை பாதி சொல்லியாகிவிடும்.

ஆனால் அதற்கு ஓடத் தெரிய வேண்டும். அதுவரை பெரும்பாலான குழுக்களின் நகர்வு, மைதானத்தை நடுவில் பிரிக்கும் 50 யார்டு கோட்டின் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருக்கும். இடது பக்கம் என்ன நடக்கிறதோ அதுவே வலது பக்கமும். கேடட்ஸுக்கு நகர்வுகளை வடிவமைத்த ஜார்ஜ் ஜிங்காலி அந்தச் சமச்சீரை உடைத்தார். வளைவுகள், ஒன்றுக்குள் ஒன்று கரையும் வடிவங்கள், நெஞ்சு பதறும் வேகம். கும்பல் சண்டைக்கு அதைவிடப் பொருத்தமான மொழி இருக்க முடியாது. 1983, 84, 85 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். 25 வருடம் கழித்து 2009இல் அதே நாடகத்துக்குத் திரும்பினார்கள். புதிய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு "அந்த 84 மாதிரி வருமா?" என்று கேட்ட பெரியவர்கள் எத்தனை பேரோ. எம்.ஜி.ஆர். படத்தின் மறுஆக்கத்தைப் பார்த்த தாத்தாக்கள் எப்படிப் பேசுவார்களோ, அப்படித்தான். கேடட்ஸ் குழு 2024இல் மூடப்பட்டுவிட்டது. பாலியல் வன்முறை தொடர்பான வழக்கும் கடனும் சேர்ந்து அதை முடித்தன. பழைய பதிவுகளை இன்றைக்குப் பார்ப்பது அதனால் கொஞ்சம் கனமான வேலை.

இசை நாடகத்தை எடுத்தாலே வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். பிரபலமான நாலு பாட்டை வரிசையாக வாசித்து, நடுவில் ஒரு கொடி மாற்றி, முடிவில் சத்தமாக ஊதிவிட்டுப் போன நிகழ்ச்சிகள் எவ்வளவோ. கேட்க நன்றாகத்தான் இருக்கும், அடுத்த வாரம் நினைவிருக்காது. 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' போன்ற ராக் இசை நாடகத்தை மேடிசன் ஸ்கவுட்ஸ் 1999இல் எடுத்தபோது அது பொருந்தியதற்கு ஒரு காரணம், உச்சஸ்தாயியில் அலறும் டிரம்பெட்டுகள்தான் அந்தக் குழுவின் முகவரியே. ராக் பாடகரின் கத்தலுக்கு ஈடான சத்தம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. அந்த வருட இறுதிப் போட்டி அவர்களுடைய சொந்த ஊரான மேடிசனிலேயே நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உரிமைப் பிரச்சினை ஒன்றும் உண்டு. ஒரு நாடகத்தின் இசையைக் கோருக்காக மாற்றியமைக்க ஓர் அனுமதி, அதைக் காணொளியாக வெளியிட இன்னோர் அனுமதி. இரண்டாவது கிடைக்காமல் போனால், நேரில் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு 1991இல் பட்டம் வென்று, 1993க்குப் பிறகு போட்டியையே விட்டுவிட்டது. அதே ஆட்களின் முயற்சியில் உருவான 'பிளாஸ்ட்!' என்ற மேடை நிகழ்ச்சி 1999இல் லண்டனில் தொடங்கி 2001இல் பிராட்வேக்குப் போனது; அங்கே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதும் வாங்கியது. மைதானம் பிராட்வேயிடம் வாங்கிய கடனில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு விதமான படப்பதிவு கிடைக்கும். ஒன்று, அரங்கின் உச்சியிலிருந்து முழு மைதானமும் தெரிகிற மாதிரி எடுத்தது. மற்றது, முகங்களையும் கைகளையும் கிட்டத்தில் காட்டுவது. முதலில் உச்சியிலிருந்து பாருங்கள். வியர்வையும் முகபாவமும் அப்புறம் வரட்டும். கிட்டத்தில் எடுத்த படத்தில் ஹெலிகாப்டர் தெரியாது, வேகமாக நடக்கும் சிலர்தான் தெரிவார்கள். 'கம்பெனி ஃப்ரண்ட்' என்று ஒன்று வரும்: ஊதுபவர்கள் அத்தனை பேரும் ஒரே நேர்க்கோட்டில் பக்கவாட்டில் பரவி, பார்வையாளர்களை நோக்கி நடந்து வருவார்கள். அப்போது சத்தத்தைக் குறைக்காதீர்கள். நான் முதல்தடவை இரவு நேரம் என்று குறைத்துவிட்டேன். மறுநாள் திரும்பப் பார்த்தபோதுதான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தது.

கடைசியாக, போட்டி முடிந்த பிறகு நடப்பது. மேடிசன் ஸ்கவுட்ஸின் குழுப் பாடல், 1945இல் வந்த 'கரௌசல்' இசை நாடகத்தின் 'யூ வில் நெவர் வாக் அலோன்'. லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் பாடுகிறார்களே, அதே பாட்டு. சாண்டா கிளாரா வேன்கார்டுக்கு, ஸ்டீஃபன் சோண்ட்ஹைமின் 'எ லிட்டில் நைட் மியூசிக்' நாடகத்திலிருந்து 'சென்ட் இன் தி கிளௌன்ஸ்'. வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, வட்டமாகக் கூடி நின்று, தங்கள் சொந்தக் குரலில் பாடுவார்கள். வயது வரம்பைத் தொட்டுவிட்டு அடுத்த கோடைக்குத் திரும்ப முடியாத பிள்ளைகளும் அந்த வட்டத்தில் இருப்பார்கள். அப்போது மதிப்பெண் போட யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.